அழிந்தோரை நிறுத்துதல்
(நற்காட்சியின் ஆறாம் அங்கமும் வளரிளம் பருவத்துப் பிள்ளைகளும்)

நற்காட்சிக்கு அங்கங்கள் எட்டு என்பது நம் இல்லங்களில் சிறுவரும் அறிந்த செய்தி. சமந்தபத்திராசாரியார் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் விளக்கிய அவ்வெட்டினையும் அருங்கலச்செப்பு செந்தமிழில் நமக்குத் தந்திருக்கிறது. ஐயமின்மை, அவாவின்மை, உவர்ப்பின்மை, மயக்கமின்மை என்னும் முதல் நான்கும் ஒருவர் தம் உள்ளத்தைத் தாமே செம்மை செய்துகொள்ளும் வழிகள். அறப்பழி நீக்கல், அழிந்தோரை நிறுத்துதல், பேரன்புடைமை, அறம் விளக்கல் என்னும் பின் நான்கும் பிறரை நோக்கியவை. அவற்றுள் ஆறாம் அங்கமாகிய அழிந்தோரை நிறுத்துதலை வடநூலார் ஸ்திதிகரணம் என்பர். இப்பாடம் அதனைப் பற்றியது.

நூலார் கருதியது அறத்தினின்றும் வழுவுவோரை அன்றோ, தேர்வில் தோற்று மூலையில் முடங்கிக் கிடக்கும் பிள்ளையை இதில் அடக்கலாமோ என்று ஒரு வினா எழக்கூடும். அடக்கலாம் என்பதே எம் துணிபு. விரும்பியதைப் பிரிதல், வெறுப்பதைச் சேர்தல், நோயின் துன்பம், வருங்காலப் பேற்றுக்கு ஏங்குதல் என ஆர்த்த தியானத்தை உமாஸ்வாதி முனிவர் நான்காகப் பகுத்துள்ளார். நட்பு முறிந்த பெண், பிடிக்காத பாடத்தில் சேர்க்கப்பட்ட மாணவன், தலைவலியும் உறக்கமின்மையும் விடாதவன், மருத்துவப் படிப்பு ஒன்றையே எண்ணி நீட் தேர்வை மும்முறை எழுதியவன் என இன்று நாம் காணும் பிள்ளைகளை இந்நான்கனுள் எங்கும் வைத்துக் காணலாம். நிலைகுலைந்த உள்ளத்தில் அறமும் நிலைகொள்ளாது. ஆதலின் அவ்வுள்ளத்தைத் தாங்குவதும் இவ்வங்கத்தின் பணியே ஆகும்.

சிதம்பரத்தில் 1929ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றிய நாள் தொட்டு, சிற்றூர்களிலிருந்து பிள்ளைகள் அங்கு வந்து விடுதிகளில் தங்கிப் பயில்கின்றனர். கடலூரிலும் அவ்வாறே. ஊரில் பாட்டியும் தாய்மாமனும் ஜினாலயமும் சூழ வளர்ந்த பதினேழு வயதுப் பிள்ளை, ஒரே நாளில் தனியனாகிறான். நம் பிள்ளைகளுக்கு வேறொரு சுமையும் உண்டு. விடுதியில் இரவு உணவு கதிரவன் மறைந்த பின்னரே பரிமாறப்படும். உண்டால் உள்ளம் உறுத்தும், உண்ணாவிடில் பசி. கிழங்கை ஒதுக்கி வைத்தால் ஏளனம். "சமணன் என்கிறாய், பின் ஏன் தமிழ் பேசுகிறாய், நீ சேட்டு வீட்டுப் பிள்ளையா?" என்ற கேள்விக்கு மாதம் இருமுறையாவது விடை கூற நேரும். சிறிய துன்பங்கள் என்று பெரியோர் நகைக்கலாம். நாள்தோறும் வரும் சிறு துன்பம் பெருந்துன்பத்தினும் கொடிது. அதனைப் பிறரிடம் சொல்லவும் பிள்ளைகள் நாணுவர்.

ஆறாம் அங்கத்திற்கு எடுத்துக்காட்டாக நம் முன்னோர் கூறுவது வாரிசேன முனிவரின் வரலாறு. மகத நாட்டுச் சிரேணிக மகாராஜனுக்கும் சேலினி மாதேவிக்கும் மகனாகப் பிறந்து துறவு பூண்டவர் அவர். அமைச்சன் மகனாகிய அவர்தம் நண்பனும் நட்பின் பொருட்டே உடன் துறந்தான். ஆயினும் அவன் உள்ளம் வீட்டிலே விட்டு வந்த மனைவியையே சுற்றிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தும் அவ்வேக்கம் தீரவில்லை. ஒருநாள் அவன் வீடு திரும்பப் புறப்பட்டான். வாரிசேனர் அவனைத் தடுக்கவில்லை. தாமும் உடன் நடந்து, அவனைத் தம் பழைய அரண்மனைக்கே அழைத்துச் சென்றார்.

மகன் வருவதைக் கண்ட சேலினி மாதேவிக்கு, இவன் துறவினின்றும் வழுவி வருகின்றானோ என்று ஐயம் எழுந்தது. அரசி வாய் திறந்து கேட்கவில்லை. அணி செய்த பொன்னிருக்கை ஒன்றும் எளிய மர இருக்கை ஒன்றும் இடுவித்தாள். மகன் மர இருக்கையில் அமர்ந்தான், ஐயம் தீர்ந்தது. பின்னர் வாரிசேனர் தம் முப்பத்திரண்டு தேவியரையும் அணிகலன்களோடு வரச் செய்து, இவர்களையும் இவ்வரசுச் செல்வத்தையும் நீயே ஏற்றுக்கொள் என்று நண்பனிடம் கூறினார். இத்துணையும் துறந்தவர் அருகே இருந்தும் ஒன்றனுக்காகத் தான் ஏங்கியதை எண்ணிய நண்பன் உள்ளம் தெளிந்து நிலைபெற்றான்.

இவ்வரலாற்றைத் துறவின் பெருமைக்காகவே நாம் பெரும்பாலும் சொல்லி வருகிறோம். அதில் உள்ள முறையையும் நோக்குக. வாரிசேனர் நண்பனைச் சபை நடுவே கடிந்துரைக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டு வீணாயிற்றே என்று கணக்கிடவில்லை. அவன் உள்ளம் எங்கிருந்ததோ அவ்விடத்திற்கே உடன் சென்றார். அவன் மறைத்து வைத்திருந்ததை அவன் முன்னே வெளிப்படையாக வைத்துப் பேசினார். இன்று ஆற்றுப்படுத்துநர் என்றும் மனநல ஆலோசகர் என்றும் கூறப்படுவோர் செய்யும் பணியின் தொடக்கமும் இதுவே. அன்னையின் செயலோ இன்னும் நுட்பமானது. குற்றம் சாட்டாமல், தன் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு வழி கண்டாளே, அவ்வறிவு நம் வீட்டுத் தாய்மார்க்கும் உண்டு. தேர்வு முடிவு வரும் மே மாதத்தில் மட்டும் அது மறந்துபோகிறது.

இனி இப்பாடத்தின் கடினமான பகுதிக்கு வருவோம். நம் குடும்பங்களில் ஆறாம் அங்கம் செயற்படாமல் போவதற்குக் காரணம் ஐந்தாம் அங்கத்தைத் தவறாகப் பொருள்கொள்வதே. அறப்பழி நீக்கலுக்கு எடுத்துக்காட்டு தாமிரலிப்தி வணிகர் ஜினேந்திர பக்தர். சுல்லகர் வேடம் பூண்டு வந்த கள்வன் ஒருவன், பார்சுவநாதர் திருவுருவின் குடையிலிருந்த மணியைத் திருடிக்கொண்டு ஓடும்போது காவலரிடம் அகப்பட்டான். அறவேடத்திற்குப் பழி வரலாகாதென்று எண்ணிய வணிகர், யான் கூறியதாலேயே இவர் அதனைக் கொணர்ந்தார் என்று சொல்லி அவனை விடுவித்தார். நாம் நினைவில் கொண்டது இவ்வளவே. அதன் பின்னர் அவனைத் தனியே அழைத்துக் கடிந்து அனுப்பினார் என்பதை மறந்துவிட்டோம். ஊரார் முன் மறைத்தவர் உள்ளே மறைக்கவில்லை.

நாமோ மகளுக்கு மணம் பேசும் நாளில் தடை வரும், இளையவனுக்குப் பெண் கொடார் என்று அஞ்சி, பிள்ளையின் துன்பத்தைத் தெருவாரிடமிருந்து மறைப்பதோடு மருத்துவரிடமிருந்தும் மறைக்கின்றோம். சிறு சமுதாயம் நமது. ஒரு வீட்டுச் செய்தி ஒரு திங்களுக்குள் எல்லா ஊருக்கும் எட்டிவிடும். அவ்வச்சம் பொய்யன்று. ஆயினும் தெருவிடம் காக்க வேண்டிய மறைவும் மருத்துவரிடம் கூற வேண்டிய உண்மையும் வேறு வேறு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் செய்தியை மறைவாகக் காக்கும் கடமையை மருத்துவர்மேல் வைத்துள்ளது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ளப்பட்டு, அதற்காகத் தண்டிக்கப்படலாகாது என்பதும் அச்சட்டமே. வழக்கு வரும் என்னும் பழைய அச்சத்தால் மருத்துவமனைக்குச் செல்லாமலிருத்தல் வேண்டா.

கடலூரைப் பற்றிப் பேசுகையில் நமக்குக் கசப்பான ஒரு கதையையும் தவிர்க்க இயலாது. திருப்பாதிரிப்புலியூரே பண்டைய பாடலி. சர்வநந்தி முனிவர் சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், லோகவிபாகத்தை இயற்றிய ஊர். அப்பள்ளியிலேதான் மருள்நீக்கியார் தருமசேனராக வாழ்ந்து, பின் பிரிந்து சென்று அப்பர் ஆனார் என்பது பெரியபுராணச் செய்தி. சேக்கிழார் நம்மவரைக் கூறியவற்றோடு இங்கு வழக்காடப் போவதில்லை. அக்கதையில் வரும் இளைஞனை மட்டும் காண்க. தாயும் தந்தையும் அடுத்தடுத்து மறைந்தனர். தமக்கை திலகவதியாருக்கு உறுதி செய்யப்பட்டிருந்த கலிப்பகையார் போரில் மாண்டார். தமக்கையும் வாழ்வை வெறுத்து, பின் தம்பிக்காகவே உயிர் தாங்கினார். இத்தனை துயரையும் இளமையிலே சுமந்த ஒருவன், நூல்களில் வல்லவனாய்ப் பள்ளியில் பெரும்பெயர் பெறுகிறான். கடும் சூலைநோய் வந்து, பள்ளியில் செய்த மருந்தும் மந்திரமும் பயன்படாதபோது, இரவில் தமக்கையிடம் செல்கிறான். ஏன் எம்மை விட்டுப் போனாய் என்று அவர் கேட்கவில்லை. அதனாலேயே அவன் அங்குச் சென்றான் எனலாம். படிப்பில் முதலாக நிற்கும் பிள்ளைக்குக் குறையொன்றும் இராது என்று கருதும் பெற்றோர், தருமசேனரின் புலமையையும் நோயையும் ஒருங்கே நினைக்கவேண்டும்.

எவ்வெவ் அடையாளங்களைக் கவனிப்பது? இரண்டு வாரங்களுக்கு மேல் நீங்காத சோர்வு, உறக்கமும் உணவும் மாறிப்போதல், நண்பரையும் விளையாட்டையும் விட்டு ஒதுங்குதல், காரணமற்ற சினம், மதுவின் பக்கம் சாய்தல், தான் விரும்பிய பொருள்களைப் பிறர்க்குக் கொடுத்துவிடுதல், நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி என்பது போன்ற சொற்கள் ஆகியன. இவற்றுள் இறுதியான இரண்டைக் கண்டவிடத்து நாள் கடத்தலாகாது. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரே கேட்கலாம். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக விதைக்கப்படும் என்பது தவறான நம்பிக்கை; கேட்கப்பட்ட பிள்ளை சுமை குறைந்து பேசுவதே மிகுதி. பேசும்போது இடைமறித்து அறிவுரை கூறுதல் வேண்டா. வினைப்பயன் என்று சொல்லி முடித்துவிடுதலும் வேண்டா. வினையைத் தளர்த்த முயற்சி உண்டென்பதே நம் சமயம். அத்தகைய பிள்ளையைத் தனியே விடாமல் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

சில இளையோர், சல்லேகனை அறமாயின் இது மட்டும் ஏன் பாவம் என்று கேட்பதுண்டு. சினமும் துயரமும் தூண்ட உயிரை நீத்தல் தற்கொலையே. ஆசையும் வெறுப்பும் அற்று, வாழ்நாள் முடிவை எய்தியவர் ஆசாரியர் முன்னிலையில் ஏற்பதே சல்லேகனை என்று அமிர்தசந்திரர் தெளிவாகப் பிரித்துள்ளார். கேள்வியைச் சினந்து அடக்காமல் இவ்விடையைக் கூறுக. கூறிவிட்டு, அவன் ஏன் கேட்டான் என்பதையும் மெல்ல வினவுக.

நம்மவர் பலர் உழவர். பூச்சிமருந்து வீட்டில் திறந்து கிடப்பது நெருக்கடியான ஒரு நொடியில் பேரிடராகிறது. சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்பில் ஈடுபட்டுவரும் சினேகா அமைப்பினர், சிதம்பரத்தை அடுத்த காட்டுமன்னார்கோயில் பகுதிச் சிற்றூர்களில், உழவர்கள் பூச்சிமருந்தைத் தம் வீட்டில் வையாமல் ஊர்ப்பொதுக் கிடங்கில் பூட்டிய பெட்டிகளில் வைக்கும் முறையைச் செய்து பார்த்தனர். 2013இல் வெளியான அவ்வாய்வின்படி அவ்வூர்களில் அத்தகைய இறப்புகள் குறைந்தன. கொல்லா நோன்பு பூண்ட நம் வீடுகளில் அதற்கொரு பூட்டும், பெரியவர் கையில் ஒரு சாவியுமாவது இருத்தல் வேண்டும்.

எங்குச் செல்வது என்பாருக்கு: 2022 அக்டோபர் 10ஆம் நாள் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் அழைக்கலாம். பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்கு 1098. கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும், இப்போது அரசு நிருவாகத்தில் உள்ள சிதம்பரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநல மருத்துவரைக் காணலாம். பன்னிரண்டாம் வகுப்பில் தவறியவர்க்கு அவ்வாண்டே துணைத்தேர்வு உண்டு என்பதை முடிவு வருமுன்பே வீட்டில் சொல்லி வைப்பது நன்று.

மருந்து பற்றிய ஐயம் ஒன்று நம் வீடுகளில் அடிக்கடி எழுகிறது. மனநல மாத்திரைகள் சில இரவில் உட்கொள்ளுமாறு தரப்படுகின்றன. கூடுறை மருந்துகள் பலவற்றின் உறை விலங்குப் பொருளால் ஆனது. இதனால் விரதம் கெடும் என்று கருதி, மருத்துவரிடம் கூறாமலே நிறுத்திவிடுவோர் உளர். இது மிகவும் தீங்கானது. இத்தகைய மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் நோய் மிகும். கதிரவன் மறையுமுன் உட்கொள்ளலாமா, கூடுறைக்கு மாற்றாக மாத்திரை வடிவம் உண்டா என்று முதல் நாளே மருத்துவரைக் கேட்டுவிடுக. பல மருந்துகளுக்கு இரண்டிற்கும் வழி உண்டு. வழியில்லாத மருந்தாயின், நோய் நீங்கும்வரை பிள்ளையின் நோன்பைத் தளர்த்துவது குறித்து ஊரிலுள்ள சான்றோரிடமோ மடத்துப் பெரியோரிடமோ பெற்றோர் கேட்டறிந்து வந்து, அதனைப் பிள்ளைக்குத் தம் வாயாலேயே சொல்லவேண்டும்.