படகுப் பொறியின் நாடி

நுழையும்முன்

சாலையில் பழுதுபட்ட ஊர்தி ஓரமாக நின்றுவிடும். நீரில் பழுதுபட்ட படகுக்கு நிற்க ஓரமில்லை. காற்றும் நீரோட்டமும் இழுக்கும் திசையில் அது செல்லத் தொடங்கிவிடும். எனவே, விரைவுப் படகின் பொறி நிற்பதற்கு முன்பே அதன் நோயை அறிந்தாக வேண்டும். எரிபொருளும் மசகெண்ணெயும் காட்டும் குறிகளைக் கொண்டு அந்நோயை அறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

தரையில் பிறந்த பொறி

விரைவுப் படகுகள் பலவற்றை இயக்குபவை பிறப்பால் தரைக்குரிய பொறிகளே. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தரை ஊர்திகளுக்காக வடிவமைத்த எட்டு சிலிண்டர், 7.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சினை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். அமெரிக்காவின் மெர்க்குரி நிறுவனம் அதனை நீருக்கேற்ப மாற்றியமைத்து, மெர்குரூசர் என்னும் பெயரில் விற்றது. இரும்பு ஒன்றே, வாழ்க்கைதான் வேறு. நெடுஞ்சாலையில் சீராக ஓடும் கார் தன் ஆற்றலில் ஒரு பகுதியையே செலவிடுகிறது. படகோ நீரைக் கிழித்து விரையும் ஒவ்வொரு நொடியும், மேட்டில் ஏறும் பாரவண்டி போல உழைக்கிறது. காரில் மாதக்கணக்கில் மறைந்திருக்கும் சிறு குறை, படகில் ஒரே பிற்பகலில் பெருங்கேடாக முடிவதற்கு இதுவே காரணம்.

புகையும் பிளக்கும்

பெட்ரோல் சரியாக எரிய, அதன் 1 பங்குக்கு எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் மிகுந்தால் கரும்புகை எழும். எண்ணெய் எரிந்தால் புகை நீலம் பூக்கும். வெண்புகையைக் கண்டு முடிவுகட்டுவதில்தான் பலர் தவறுகின்றனர். படகின் கழிவுப்புகை பெரும்பாலும் குளிர்விக்கும் நீரோடு கலந்தே வெளியேறுவதால், குளிர்ந்த காலைப்பொழுதில் எழும் வெள்ளாவி இயல்பானதாகவும் இருக்கலாம்.

புகையைவிடத் தெளிவாகப் பேசுவது ஸ்பார்க் பிளக். அதன் முனையில் உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப்பசை இருந்தால் மசகெண்ணெய்க் கசிவு. வெளிறிக் கொப்புளித்திருந்தால் பெட்ரோல் போதாமையும் மிகுவெப்பமும் எனக் கொள்ளலாம். கரும்புகை கண்ணில் படும். பெட்ரோல் போதாமைக்குப் புகையே இல்லை. ஓசையின்றி பிஸ்டனை உருக்கிவிடும் இந்நோயே மிகக் கொடியது.

அளவுக்கம்பி கூறுவது

டிப்ஸ்டிக் எனப்படும் அளவுக்கம்பி காட்டும் எண்ணெயளவு குறைந்தால் எவரும் அஞ்சுவர். உயர்ந்தால் அஞ்சுவோர் சிலரே. ஊற்றாத எண்ணெய் தானாகப் பெருகாது. வேறொன்று அதனுள் புகுந்திருக்கிறது. புகுந்தது நீரா, பெட்ரோலா என்பதே அடுத்த வினா.

நீர் கலந்த எண்ணெய், பால் ஊற்றிய தேநீர் போல வெளிறிக் குழம்பியிருக்கும். பெட்ரோல் கலந்த எண்ணெயை நிறத்தால் அறிவது கடினம். விரல்களிடையே தேய்த்தால் அது நீர்த்திருக்கும். முகர்ந்தால் பெட்ரோல் மணக்கும். நீர்த்த எண்ணெய், சுழலும் தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே இருக்க வேண்டிய மென்படலத்தைத் தாங்காது. உலோகம் உலோகத்தைத் தொட்டு உரசத் தொடங்கும்.

பெட்ரோல் எவ்வழியாக வந்தது? கார்புரேட்டரின் மிதவை சிக்கியிருக்கலாம், இன்ஜெக்டர் கசியலாம், பொறியோடு இணைந்த எரிபொருள் பம்பின் சவ்வு கிழிந்திருக்கலாம். படகுக்கெனச் செய்யப்படும் இத்தகைய பம்புகள் பலவற்றில் ஒரு தெளிந்த குழாய் பொருத்தப்பட்டிருக்கும். அதில் பெட்ரோல் தென்பட்டால் சவ்வு கிழிந்துவிட்டது என்பது உறுதி.

இவை எல்லாம் நன்றாக இருந்தும் எண்ணெய் உயர்வதுண்டு. அங்கே குற்றவாளி குளிர்ச்சி. கடல்நீரையே நேரடியாகச் சுற்றவிட்டுக் குளிர்விக்கும் பொறிகளில், உப்பு படிவதைத் தவிர்க்க, நீரின் வெப்பநிலையை ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸிலேயே நிறுத்துவர். காரில் அது 90 டிகிரியை ஒட்டியிருக்கும். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் அந்த 60 டிகிரியும் கிட்டாது. குளிர்ந்த சிலிண்டர்ச் சுவரில் பட்ட பெட்ரோல் முழுதும் ஆவியாகாமல், அங்குள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழிறங்கும். இந்நிலையில் கார்புரேட்டரை மாற்றுபவர் பணத்தை இழப்பார். நோய் அங்கேயே இருக்கும். எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டு அமைதி கொள்வதும் காய்ச்சலுக்கு ஈரத்துணி இட்டதோடு நிறுத்துவதை ஒக்கும். புதிய எண்ணெயை ஊற்றிச் சிறிது நேரம் ஓட்டியபின் அளவையும் மணத்தையும் மீண்டும் சோதித்தால்தான் குறை நீங்கியதா என்பது தெரியவரும்.

முழு விரைவில் திணறல்

மெல்ல ஓடும்போது சீராக இருக்கும் பொறி, முழு விரைவில் மட்டும் திணறினால் எரிபொருள் வந்துசேரவில்லை என்று முதலில் ஐயுற வேண்டும். தொட்டியின் மூடியைச் சற்றே தளர்த்தியதும் திணறல் நின்றால், தொட்டிக்குள் காற்று நுழையும் வழி அடைபட்டுள்ளது என அறியலாம். நிற்காவிடில், நல்ல பெட்ரோல் உள்ள தனிக்கலம் ஒன்றிலிருந்து பொறியை இயக்கிப் பார்ப்பர். அப்போது சீராக ஓடினால் குறை படகின் தொட்டியிலோ குழாயிலோ வடிகட்டியிலோ உள்ளது. அப்போதும் திணறினால் பொறியின் பக்கம் உள்ளது. ஒரே சோதனையில் தேடும் இடம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

வடிகட்டியில் இருப்பதை ஒரு கண்ணாடிக் குப்பியில் ஊற்றிச் சற்றுநேரம் அசையாமல் வைத்தால், பெட்ரோலில் கலந்த நீர் அடியில் தங்கும். இன்று இந்தியாவில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல் விற்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை ஓரளவு தன்னுள் ஏற்கும். எல்லை மீறினால் நீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். தொட்டியின் உறிஞ்சுகுழாய் முதலில் எடுப்பது அதைத்தான். நெடுநாள் ஓட்டாமல் நிறுத்திவைத்த படகுகளில் இக்குறை மிகுதி.

தெரியுமா?
பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடித்தளத்தில் தேங்கி நிற்கும். ஆதலால் பொறியை முடுக்குமுன் 4 நிமிடம் காற்றூதியை இயக்கவும், ஆவி உள்ளதா எனச் சோதிக்கவும் அமெரிக்கப் படகுகளில் எச்சரிக்கை எழுதப்பட்டிருக்கும். கசிவைத் தேடுபவர் முதலில் செய்ய வேண்டியதும் இதுவே.

அழுத்தமும் உலோகத் துகளும்

எண்ணெய் அழுத்தமானி தாழ்ந்தவுடன் பொறியைப் பிரிக்க முனைவது அவசரம். மானியே பொய் சொல்லலாம். வேறொரு மானியை இணைத்து உறுதிசெய்தல் வேண்டும். நிமிடத்துக்கு 1000 சுற்றுக்குச் சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு அழுத்தம் என்பது பட்டறைகளில் வழங்கும் பொதுக்கணக்கு. படகு கடுமையாகத் திரும்பும்போது மட்டும் முள் சரிந்தால், எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கி உறிஞ்சுவாயை விட்டு விலகுகிறது எனலாம். எல்லா நேரமும் தாழ்ந்திருந்தால் எண்ணெய் நீர்த்ததா, பேரிங் தேய்ந்ததா என்று ஆராய வேண்டும்.

அதற்குப் பழைய எண்ணெய் வடிகட்டியை வெட்டி விரித்துப் பார்ப்பர். மடிப்புகளிடையே மின்னும் துகள்களின்மேல் காந்தத்தை நகர்த்தினால், ஒட்டுபவை இரும்பும் எஃகும் ஆகும். பேரிங்கின் மேற்பூச்சு ஈயம், செம்பு, அலுமினியம் போன்றவற்றால் ஆனதாதலின் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டாத துகள்கள் மிகுதியாகக் கிடைத்தால், பொறி எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும், அடிப்பகுதியைத் திறந்து பார்க்கும் வரை அப்படகைத் துறையைவிட்டு எடுப்பதில்லை.