மேசைப் போர்க்களத்துக்கு ஒரு குன்று

எச்.ஜி.வெல்ஸ் 1913-இல், பொம்மை வீரர்களை வைத்து ஆடும் போர் விளையாட்டைப் பற்றி ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலை எழுதிய காலத்தில் மரக்கட்டைகளை அடுக்கியே ஊரும் கோட்டையும் அமைத்தார்கள். இன்று தெர்மாகோல் போதும்.

முதலில் அளவு. 28 மி.மீ. உயர பொம்மை வீரனுக்குப் பக்கத்தில் 1/72 விகித வீரனை நிறுத்தினால் அப்பாவும் பிள்ளையும் போல இருக்கும். ஓர் அளவைத் தேர்ந்து அதிலேயே சேகரியுங்கள்.

குன்றுக்கு அடித்தளமாக அட்டை வேண்டாம். பசை காயும்போது வளைந்துவிடும். ஹார்ட்போர்டு நல்லது. அதன்மேல் தெர்மாகோலை ஒட்டி, ஓரங்களைச் சரிவாகச் சீவுங்கள். சரிவு செங்குத்தாக இருந்தால் வீரர்கள் சறுக்கி விழுவார்கள். பிறகு பெவிகால் பூசி மணல் தூவுங்கள். மணலைச் சலிக்க மறக்காதீர்கள். நம் கண்ணுக்குப் பொடிக்கல், அந்தக் குட்டி வீரனுக்குப் பாறை!

ஓர் இரவு காய்ந்தபின் அடர்பழுப்பு அக்ரிலிக் வண்ணம் பூசுங்கள். ஸ்ப்ரே டப்பாவைத் தொடவே வேண்டாம். அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலை அரித்துத் தின்றுவிடும். என் முதல் குன்று அப்படித்தான் பள்ளத்தாக்கானது. அடுத்து, பழைய தூரிகையில் வெளிர்நிறம் தொட்டு, முக்கால்வாசியைத் துணியில் துடைத்துவிட்டு, மேடுகளின்மேல் லேசாக உரசுங்கள். மண் உயிர்பெறுவது இந்த இடத்தில்தான்.

வீரர்களுக்கு ப்ரைமர் (அடிப்பூச்சு) ஸ்ப்ரே அடிக்கலாம். ஆனால் மழை நாளில் வேண்டாம். ஈரக்காற்றில் பூச்சு சொரசொரத்துப்போகும். பழைய உலோக பொம்மைகளில் ஈயம் இருக்கலாம், தொட்டபின் கை கழுவுங்கள்.