கண்ணில் படுவதுதான் வினைபுரிகிறதா?

பார்க்கின்சன் நோய்க்கான எல்-டோபா மருந்தை 1970-களிலேயே மான்சாண்டோ நிறுவனம் ரோடியம் வினையூக்கியின் துணையோடு தயாரித்தது. ஒன்றுக்கொன்று ஆடிப்பிம்பமான இரு வடிவங்களில், மருந்தாகப் பயன்படும் வடிவமே பெருமளவு விளைந்தது. அதற்கு வழிகாட்டிய வில்லியம் நோல்ஸ் 2001-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இத்தகைய வினைகளின் வழிமுறை பற்றி வேரூன்றிவிட்ட மூன்று நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: வினையூக்கியோடு கச்சிதமாகப் பொருந்தும் மூலக்கூறே விளைபொருளாகிறது, பூட்டும் சாவியும் போல.

உண்மை: சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜாக் ஹால்பர்னும் குழுவினரும் இதைச் சோதித்தார்கள். ரோடியம் வினையூக்கி, வினைபடுபொருளோடு இரண்டு விதமாகப் பிணைந்து இரண்டு அணைவுகளாகிறது. அதிகமாக இருந்த அணைவைப் படிகமாக்கி அமைப்பைக் கண்டறிந்தார்கள். அதில் ஹைட்ரஜன் சேர்ந்தால் கிடைக்க வேண்டிய வடிவம் வேறு. உண்மையில் மிகுதியாகக் கிடைத்த வடிவம் வேறு! குறைவாக இருந்த, நிலைப்புத்தன்மை குறைந்த அணைவு ஹைட்ரஜனோடு பல நூறு மடங்கு வேகமாக வினைபுரிந்ததே காரணம்.

நம்பிக்கை 2: ஹைட்ரஜன் அழுத்தத்தைக் கூட்டினால் வினை விரைவாகும், விளைபொருளின் தூய்மைக்குப் பாதிப்பில்லை.

உண்மை: குறைவாக உள்ள அணைவு தீரத் தீர, மற்ற அணைவு அதுவாக மாறி ஈடுகட்ட வேண்டும். அழுத்தம் மிகுந்தால் அந்த மாற்றத்துக்கு அவகாசமில்லை. மாறுவதற்குள் ஹைட்ரஜன் சேர்ந்துவிடுவதால், வேண்டாத வடிவம் பெருகுகிறது. ஹால்பர்ன் ஆராய்ந்த வினைகளில் வெப்பநிலையைக் குறைத்தாலும் இதே பாதிப்புதான்.

நம்பிக்கை 3: வினையூக்கியின் உலோகத்தோடு பிணையும் மூலக்கூறான ஈனியின் ஆடித்தூய்மை (ஒரு ஆடிப்பிம்ப வடிவத்தின் மிகை) எவ்வளவோ, விளைபொருளின் தூய்மையும் அவ்வளவே.

உண்மை: ஆன்றி ககன் குழுவினர் 1986-இல் இந்த நேர்விகித எண்ணத்தைத் தகர்த்தார்கள். ரியோஜி நோயோரியின் டைஎதில்துத்தநாக வினையில், ஒரு வடிவம் வெறும் 15 சதவீத மிகையாக இருந்த ஈனி, 95 சதவீத மிகை கொண்ட விளைபொருளைத் தந்தது. எதிரெதிர் வடிவங்கள் இரண்டும் இணைந்து உறுதியான இரட்டை மூலக்கூறாகி ஒதுங்கிவிடுகின்றன. மிஞ்சிய வடிவம் மட்டுமே வினையை நடத்துகிறது.

மாணவர்களே, படிகத்தின் படம் ஒரு சான்று மட்டுமே; அதைத் தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள். வினைவேகத்தை அளந்து பார்க்காமல் எந்த வழிமுறையையும் ஏற்காதீர்கள்.