பெட்டியில் அச்சிட்ட எண்கள்

விலை குறைந்த சாதனங்களை நாம் பெரும்பாலும் எண்ணைப் பார்த்தே வாங்குகிறோம். 108 மெகாபிக்ஸல், 16 ஜி.பி. ரேம், 20,000 எம்.ஏ.எச். இவற்றில் பல அப்பட்டமான பொய் அல்ல. அதனால்தான் ஏமாறுவது இவ்வளவு சுலபமாக இருக்கிறது.

"20,000 பவர் பேங்க் வாங்கினால் 5,000 பேட்டரி போன் நாலு தடவை ஏறும்."

வகுத்தல் சரி, விடை தப்பு. அந்த 20,000 என்பது உள்ளே இருக்கும் லித்தியம் செல்களின் கொள்ளளவு, அதுவும் 3.7 வோல்ட்டில். யூ.எஸ்.பி. வழியாக வெளியே வருவதோ வழக்கமாக 5 வோல்ட். இருக்கும் ஆற்றல் 74 வாட்-மணிதான். அதை ஐந்தால் வகுத்தால் 14,800 ஆகிவிடுகிறது. வோல்ட்டை ஏற்றும் சர்க்யூட்டில் சூடாகப் போவதையும் கழித்தால், கைக்கு வருவது பெரும்பாலும் 12,000-ஐ ஒட்டித்தான் இருக்கும். நல்ல நிறுவனங்கள் இதை மறைப்பதில்லை. பவர் பேங்கின் அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெபாசிட்டி' என்று போட்டிருப்பார்கள். கடையில் நின்று படிக்க வேண்டியது அந்த வரியை. போனுக்குள்ளும் கொஞ்சம் வீணாவதால், இரண்டரை தடவை ஏறினாலே பவர் பேங்க் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். விமான நிலையத்தில் பார்ப்பதும் இந்த வாட்-மணிக் கணக்குதான்: 100 வரை கைப்பையில் கொண்டு போகலாம், செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது.

"எட்டும் எட்டும் பதினாறு ஜி.பி. ரேம்."

இரண்டாவது எட்டு ரேமே இல்லை. போட்டோவும் வீடியோவும் போட்டு வைக்கும் சேமிப்பகத்தில் ஓர் ஓரத்தை ஒதுக்கி, அதற்கு 'விர்ச்சுவல் ரேம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ரேம் கைக்கெட்டும் மேசை என்றால் சேமிப்பகம் பரண். பரணில் இடம் இருப்பதால் மேசை அகலமாகிவிடாது. விலை குறைந்த போன்களில் வரும் இ.எம்.எம்.சி. வகைச் சேமிப்பகத்தின் உச்ச வேகம் வினாடிக்கு 400 மெகாபைட். உண்மையான ரேமில் அது பத்து கிகாபைட்டைத் தாண்டும். பின்னணியில் தூங்கும் ஒரு ஆப் மூடிப்போகாமல் இருக்க இந்தக் கூடுதல் இடம் உதவலாம். கேமுக்கு உதவாது. இதே விலையில் இதைவிட வேகமான யூ.எஃப்.எஸ். வகைச் சேமிப்பகம் உள்ள போன் கிடைத்தால், ரேம் எண் சிறிதாக இருந்தாலும் அதை எடுப்பதே புத்திசாலித்தனம்.

மெகாபிக்ஸல் கதை சுருக்கமானது. 108 மெகாபிக்ஸல் கேமரா வழக்கமாக ஒன்பது பிக்ஸலை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்ஸல் படத்தைத்தான் தருகிறது. 2015 முதல் 2021 வரை ஐபோன்களின் பிரதான கேமரா 12 மெகாபிக்ஸலிலேயே இருந்தது. படம் நன்றாக இல்லை என்று யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை. முதுகில் கேமரா எண்ணிக்கையைக் கூட்டிக்காட்ட ஒட்டிவைக்கும் 2 மெகாபிக்ஸல் 'மேக்ரோ'வும் 'டெப்த்'தும் இல்லாவிட்டால் ஒரு நஷ்டமும் இல்லை.

கேம் ஆடும் பிள்ளைகளிடம் இரண்டு நம்பிக்கைகள் வேரூன்றியிருக்கின்றன. முதலாவது, 120 ஹெர்ட்ஸ் திரை இருந்தால் கேம் திக்காது என்பது. திரை வினாடிக்கு 120 முறை புதுப்பிக்கத் தயார்தான். ஆனால் படத்தை வரைந்து கொடுக்க வேண்டியது பிராசஸர். அது நாற்பது படம் வரைந்தால் கண்ணுக்குத் தெரிவதும் நாற்பதே. அந்த நாற்பதும் சூடேறியபின் நிலைக்காது. போன் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எனவே கடையில் ஐந்து நிமிடம் ஆடிப் பார்ப்பது எதையும் நிரூபிக்காது. அரை மணி நேரம் கழித்து எப்படி ஓடுகிறது என்பதே கேள்வி. சார்ஜில் போட்டபடியே ஆடுவதும், தடித்த ரப்பர் கவரும் அந்தச் சூட்டைக் கூட்டுகின்றன. 'கேம் பூஸ்டர்' ஆப் இறக்குவதைவிடக் கவரைக் கழற்றுவது பலன் தரும். செலவும் இல்லை.

இரண்டாவது, இன்டர்நெட் வேகம். நூறு எம்.பி.பி.எஸ். இணைப்பு இருந்தும் எதிராளி முந்திக்கொள்கிறானே என்று புலம்புகிறவர்கள் பார்க்க வேண்டியது பிங். பி.ஜி.எம்.ஐ. போன்ற கேம் ஆடும்போது செலவாகும் டேட்டா மிகக் குறைவு. நம் விரலசைவு சர்வருக்குப் போய்த் திரும்ப எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்பதே முக்கியம்; அதுதான் பிங். பெரிய பிளானுக்கு மாறுவதற்கு முன், ரௌட்டர் இருக்கும் அறையில் உட்கார்ந்து ஒருமுறை ஆடிப் பாருங்கள்.

பழைய நம்பிக்கைகள் சில விடாப்பிடியாக நிற்கின்றன. பேட்டரி முழுதும் தீர்ந்தபின்தான் சார்ஜ் போட வேண்டும் என்பது நிக்கல்-காட்மியம் காலத்து அறிவுரை. லித்தியம்-அயான் 1991-இல் சந்தைக்கு வந்துவிட்டது. பின்னணி ஆப்களை விடாமல் தள்ளி மூடுவதால் பேட்டரி மிச்சமாகாது என்று ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டின் மென்பொருள் பொறுப்பாளர்களும் 2016-லேயே சொல்லிவிட்டார்கள். நனைந்த போனை அரிசிக்குள் புதைக்க வேண்டாம், துகள்கள் உள்ளே போய்ச் சேதமாக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே தன் வாடிக்கையாளர்களுக்கு எழுதியிருக்கிறது. அணைத்துவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

எண்ணே முழுப் பொய்யாக இருக்கும் இடமும் உண்டு: சில நூறு ரூபாய்க்கு விற்கும் 2 டெராபைட் பென் டிரைவ். உள்ளே இருப்பது சிறிய சிப். கம்ப்யூட்டரிடம் 2 டெராபைட் என்று சொல்லும்படி அதை மாற்றி எழுதியிருப்பார்கள். அது நிரம்பியதும் அடுத்து வருகிற கோப்பு பழைய கோப்பின்மேல் விழும், அல்லது எங்குமே பதியாது. காப்பி ஆனதாகத்தான் திரை காட்டும். கல்யாண வீடியோவைத் திறக்கும் நாளில்தான் விஷயம் தெரியவரும்.

பவர் பேங்க், சார்ஜர், மொபைல் ஆகியவற்றை இந்தியாவில் பி.ஐ.எஸ். பதிவு இல்லாமல் விற்கக் கூடாது. பொருளின் மேல் 'ஆர்' எழுத்தோடு தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும். பணம் கொடுக்கும் முன் அந்த எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டுப் பாருங்கள். பொருளில் உள்ள பிராண்டுக்குப் பதில் வேறு பிராண்ட் வந்தால் பொருளைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.