பெல்ட் கட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்

பிரசவ வார்டில் மெஷின் போடுகிற சத்தத்தைவிட, ஓடிக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நிற்பதுதான் கர்ப்பிணியை அதிகம் பயமுறுத்தும். இண்டூரில் குடியிருந்தபடி நர்ஸாக வேலை பார்த்த வருஷங்களில் நான் கண்டது இது. பென்னாகரம் ரோட்டு ஊர்களிலிருந்து தருமபுரிக்குப் பிரசவத்துக்கு வரும் பெண்கள் பலருக்கு, வயிற்றிலுள்ள குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கவைக்கும் சிடிஜி மெஷின் புதிது. வயிற்றில் பெல்ட் கட்டினதும் குதிரை ஓடுகிற மாதிரி கேட்கும். நிமிஷத்துக்கு 110 முதல் 160 வரை அடிப்பது குழந்தைக்கு இயல்புதான். ஆனால் கூட வந்த மாமியார், "என்னங்க சிஸ்டர், இப்படிப் படபடன்னு அடிக்குது?" என்று கேட்டு மருமகளையும் கலக்கிவிடுவார்.

குழந்தை புரண்டாலோ பெல்ட் நழுவினாலோ சத்தம் அறுந்து அலாரம் கத்தும். சில சமயம் அம்மாவின் நாடியையே மெஷின் பிடித்துக்கொண்டு 80, 90 என்று காட்டும். அம்மாவின் மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் சுவிட்ச் போடும் முன்பே சொல்லிவிடுவேன்: "கண்ணு, இடையில சத்தம் நின்னா பாப்பா நகர்ந்திருக்கும். நான் வந்து பார்க்கிறேன், நீ பயப்படாதே." சொன்னால் போதாது, அலாரம் அடித்ததும் போயும் பார்க்க வேண்டும். மெஷினின் ஒலியைக் குறைக்கலாம். காகிதத்தில் கோடு ஓடிக்கொண்டுதான் இருக்கும். குறைப்பது சிஸ்டரின் வேலை, உறவுக்காரர்கள் கை வைக்கக் கூடாது.

பயத்தில் அட்ரினலின் சுரந்தால் வலி தொய்யும், பிபி ஏறும். 108 ஆம்புலன்ஸில் சைரனோடு வந்து இறங்கியவருக்கு அந்த நிமிஷமே பிபி பார்த்து 140/90 என்று வந்தால், கொஞ்சம் ஆசுவாசப்படுத்தி மறுபடியும் பார்ப்பேன். அப்போதும் இறங்காவிட்டால் சைரன்மேல் பழி போடாமல் டாக்டரைக் கூப்பிட வேண்டியதுதான்.

தேவையில்லாத அலாரம் நாமே உண்டாக்குவதும் உண்டு. பிபி பட்டை கட்டிய கையிலேயே விரல் கிளிப்பையும் மாட்டினால், பட்டை இறுகும்போதெல்லாம் ரத்த ஓட்டம் நின்று ஆக்சிஜன் அலாரம் அடிக்கும். கிளிப்பை மறு கைக்கு மாற்றினால் தீர்ந்தது.

சிக்கல் இல்லாத பிரசவத்துக்கு மெஷினை ஓயாமல் ஓட்ட வேண்டியதே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரையும் அதைத்தான் சொல்கிறது: வலி நன்றாகப் பிடித்த பிறகு 15 முதல் 30 நிமிஷத்துக்கு ஒரு முறை, முக்கும் கட்டத்தில் 5 நிமிஷத்துக்கு ஒரு முறை கை டாப்ளரிலோ பினார்ட் குழலிலோ கேட்டால் போதும். நடுவில் எழுந்து நடக்கலாம். பிபி, சர்க்கரை போன்ற சிக்கல் உள்ளவர்கள் கணக்கு வேறு.

சிசேரியனுக்குப் போகிறவர்களிடம் தியேட்டர் சத்தங்களை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். முதுகில் ஊசி போட்டால் வலிதான் தெரியாது, காது கேட்கும். சக்‌ஷன் உறிஞ்சும், கருவிகள் ட்ரேயில் கணகணக்கும்.

மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம், இரவில் 40 டெசிபலுக்கு மேல் கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதி இருக்கிறது. அது வெளியே ஹாரன் அடிப்பவருக்கு. வார்டுக்குள், "என்ன குழந்தை?" என்று ஊரிலிருந்து நிமிஷத்துக்கொரு போன் வருகிறதே, அதற்கு துணைக்கு இருப்பவர்தான் செல்போனை வைப்ரேஷனில் போட வேண்டும்.