அக்கா கல்யாணமும் ஐ-131 படிவமும்

அன்புள்ள பாப்பா,

ஆம்பூரில் உன் அக்கா கல்யாணத்துக்கு மண்டபம் பேசியாகிவிட்டது. "ரெண்டு வாரம் வந்துட்டுப் போறதுல என்ன ஆயிடும்?" என்று அப்பா உன்னிடம் கேட்டாராமே. லாங் பஜார் கடையில் உட்கார்ந்து யோசிப்பவருக்கு அது நியாயமான கேள்விதான். பாஸ்போர்ட் இருக்கிறது, உன் கணவர் அமெரிக்கக் குடிமகன், உங்கள் கல்யாணம் பதிவாகியிருக்கிறது. ஆனாலும் பயண அனுமதி கைக்கு வருமுன் நீ விமானம் ஏறினால், கிரீன் கார்டுக்காகக் கொடுத்த ஐ-485 மனுவை நீயே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். பழைய மாணவர் விசாவைக் காட்டித் திரும்பலாம் என்றும் எண்ணாதே. அமெரிக்காவிலேயே குடியேற மனுப்போட்டவளுக்கு அந்த விசா உதவுவது கடினம். பிறகு குடியேற்ற விசாவுக்கு இங்கிருந்து காத்திருக்க வேண்டும். அதற்கான நேர்காணலும் சென்னையில் கிடையாது, மும்பைத் துணைத் தூதரகத்தில்.

மனு நிலுவையில் இருக்கும்வரை அங்கே தங்கியிருக்கலாம். அதோடு அந்த மனு தரும் உரிமை முடிந்தது. வேலை பார்க்க ஐ-765, வெளியே போய்த் திரும்ப ஐ-131 என்று தனித்தனிப் படிவங்கள் போட வேண்டும். முன்பு ஐ-485 கட்டணத்திலேயே இவை இரண்டும் அடங்கிவிடும். 2024 ஏப்ரல் 1 முதல் ஐ-765-க்கு 260 டாலர், ஐ-131-க்கு 630 டாலர் என்று தனியே வைத்தார்கள். செலவைப் பார்த்துப் பலர் வேலைப் படிவத்தை மட்டும் போடுகிறார்கள். உன் வயதான தாத்தா பாட்டி வேலூரில் இருக்கும்போது நீ அந்தச் சிக்கனம் பார்க்காதே. அனுப்பும் நாளில் கட்டணத்தை அமெரிக்கக் குடியேற்றத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ். தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்.

படிப்பு முடிந்ததும் கிடைத்த ஓ.பி.டி. அனுமதி இருக்கும்வரை இப்போதைய வேலையைத் தொடரலாம். அது முடியும் தேதிக்கும் ஐ-765 வழியாகப் புது வேலை அட்டை வரும் தேதிக்கும் நடுவே இடைவெளி விழுந்தால், அந்த நாட்களில் சம்பளத்துக்கு வேலை செய்யாதே. குடிமகனின் மனைவிக்கு இதில் சட்டம் சற்று இளகியிருப்பது உண்மை. அந்த இளக்கத்தை நம்பித் துணிய வேண்டாம். இதைவிடப் பெரிய ஆபத்து, வேலையில் சேரும்போது நிரப்பும் ஐ-9 படிவத்தில் இருக்கிறது. கணவர் குடிமகன்தானே என்ற நினைப்பில் 'அமெரிக்கக் குடிமகன்' என்ற கட்டத்தில் குறியிட்டுவிடாதே. குடியுரிமை பெற்றவர் என்று பொய்யாகச் சொல்வதற்கு 1996 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஏறக்குறைய மன்னிப்பே கிடையாது. கிரீன் கார்டு வாய்ப்பே நிரந்தரமாக அடைபட்டுவிடும்.

"என் மச்சான் மனு போட்டுட்டு இந்தியா வந்துட்டுப் போனானே" என்று யாராவது சொல்வார்கள். அந்த மச்சான் பெரும்பாலும் ஹெச்-1பி விசாவில் இருப்பவராக இருப்பார். ஹெச்-1பி, எல்-1 விசாக்காரர்களும் அவர்களைச் சார்ந்து இருப்பவர்களும் செல்லுபடியாகும் விசாவோடு போய்வந்தால் மனு சாகாது. மாணவர் விசாவில் வந்த உனக்கு அது பொருந்தாது.

ஐ-131 வழியாகக் கிடைப்பதற்கு அட்வான்ஸ் பரோல் என்று பெயர். அதன் மதிப்பைப் புரிந்துகொள்ள அரபல்லி வழக்கைப் படி. இந்தியாவிலிருந்து போன கணவன் மனைவி. விசாக் காலம் கடந்தும் அங்கே தங்கியிருந்தவர்கள். அவர்களின் மனு திருமணத்தால் வந்ததல்ல, வேலை வழியாக வந்தது. முதுமையடைந்த பெற்றோரைப் பார்க்க அட்வான்ஸ் பரோல் வாங்கிக்கொண்டு இந்தியா வந்து திரும்பினார்கள். ஓராண்டுக்கு மேல் அனுமதியின்றித் தங்கியவர் நாட்டைவிட்டு வெளியேறினால் பத்தாண்டுத் தடை உண்டு. அதைக் காட்டி அவர்களின் மனு நிராகரிக்கப்பட்டது. குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 2012-இல் அதை ஏற்கவில்லை. அரசே அனுமதி கொடுத்து அனுப்பிய பயணம், தடையைக் கொண்டுவரும் 'வெளியேற்றம்' ஆகாது என்று தீர்ப்பளித்தது. பெற்றோரைப் பார்க்கப் போனதற்கு இப்படியொரு விலையா என்று அந்த வழக்கைப் படித்தபோது எனக்கு மனசு கனத்தது. கையில் அந்தக் காகிதம் இருந்ததால்தான் அவர்களால் வாதாட முடிந்தது.

காகிதம் வந்தாலும் விமான நிலைய அதிகாரி உன்னை உள்ளே விடுவது அவர் முடிவு. ஆகவே சிறு பயணமாக வா. கைரேகைக்கோ நேர்காணலுக்கோ அழைப்பு வந்திருக்கும் நேரத்தில் கிளம்பாதே. வேலை அட்டை வந்துவிட்டது என்பதற்காகப் பயண அனுமதியும் வந்ததாக நினைக்காதே. 2011 முதல் இரண்டையும் ஒரே அட்டையில் தந்துகொண்டிருந்தார்கள், இப்போது பெரும்பாலும் தனித்தனியாகவே வருகின்றன. வீடு மாறினால் பத்து நாளுக்குள் முகவரியைத் தெரிவி. தவறிப்போன ஒரு தபால்கூட மனுவை முடித்துவிடும்.

மனு நிலுவையில் இருக்கும்போது வெளியே போவதற்கு வேறு நாடுகளிலும் இதுபோன்ற கட்டுப்பாடு உண்டு. ஆஸ்திரேலியாவில் இணையர் விசாவுக்குக் காத்திருப்பவர் பிரிட்ஜிங் ஏ விசாவோடு வெளியேறினால் அதை வைத்துத் திரும்ப முடியாது, முன்கூட்டியே பிரிட்ஜிங் பி வாங்க வேண்டும். பிரிட்டனில் விசா நீட்டிப்பு கேட்டுவிட்டு நாட்டைவிட்டுப் போனால் மனு திரும்பப் பெறப்பட்டதாகிவிடும்.

அப்பாவிடம் நான் பேசிவிட்டேன். முகூர்த்தத்துக்குள் அனுமதி வராவிட்டால் உன்னைக் கூப்பிட்டு யாரும் அழக்கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். இந்தச் சுமையை நீ மட்டும் தாங்குவது நியாயமில்லை.

தாத்தாவுக்கு உடம்பு மோசமானால் அவசரப் பயண அனுமதிக்கு உள்ளூர் யு.எஸ்.சி.ஐ.எஸ். அலுவலகத்தை அணுகலாம். அதற்கு மருத்துவமனைக் கடிதம் கேட்பார்கள். அப்படி ஒரு நிலை வந்தால் சி.எம்.சி. மருத்துவரிடம் நோயின் பெயர், நிலை, தேதி எல்லாம் தெளிவாக ஆங்கிலத்தில் எழுதி வாங்கி அன்றே உனக்கு ஸ்கேன் செய்து அனுப்புவேன். அவருக்கும் உனக்கும் உள்ள உறவைக் காட்ட உன் பிறப்புச் சான்றிதழும் அம்மாவின் சான்றிதழும் தேவைப்படலாம். அம்மாவுடையது தமிழில் இருக்கிறது. அதற்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பை இந்த வாரமே ஏற்பாடு செய்கிறேன்.

அன்புடன்,
உன் சித்தப்பா