ஏணியை எடுக்கும் முன்

ஜப்பானின் வடக்கே உள்ள ஹொக்கைடோ தீவில் குளிர்காலம் வந்துவிட்டால் வீட்டுக் கூரைகளை வெண்பனி மூடிவிடும். பனி மேன்மேலும் சேரச் சேரக் கூரையின் சுமை கூடும். பாரம் தாங்காமல் கூரை இடிந்து விழவும் நேரலாம். ஆகவே, அங்கு வாழும் மக்கள் கூரைமீது ஏறிப் பனியை வாரித் தள்ளுகின்றனர். வீட்டைக் காப்பதற்காகச் செய்யும் அந்த வேலையே சிலருடைய உயிருக்கு ஆபத்தாக முடிகிறது. பனியை அகற்றும்போது தவறி விழுந்து இறப்பவர்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இருக்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் முதியவர்கள்.

சிங்கப்பூரில் பனி பெய்வதில்லை. ஆனால், கூரையைச் சுத்தம் செய்யும் வேலை இங்கும் உண்டு. இங்கே கூரையில் சேர்வது மழைநீரும் இலைகுப்பையும்.

கூரையில் தேங்கும் ஆபத்து

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கும் அதிகமான மழை பெய்கிறது. ஆண்டில் ஏறத்தாழ 170 நாள்கள் மழை நாள்களே. லிட்டில் இந்தியாவின் கடைவீடுகளும் பல தரைவீடுகளும் இந்த மழையைச் சாய்வான ஓட்டுக் கூரைகளில் ஏற்கின்றன. பல பழைய கட்டடங்களில் கூரையின் ஓரமாக ஓடும் கால்வாய் அந்த நீரைக் குழாய் வழியாகக் கீழே இறக்குகிறது. இலைகளும் மண்ணும் அந்தக் கூரைக் கால்வாயை அடைத்துக்கொண்டால் நீர் வடியாமல் தேங்கிவிடும்.

தேங்கிய நீரால் இரண்டு தொல்லைகள் உண்டாகின்றன. முதலாவது, ஏடிஸ் கொசு. இருபது காசு நாணயத்தின் அளவு நீர் தேங்கினாலே அது முட்டையிட்டுப் பெருகும். முட்டை கொசுவாக வளர ஏறத்தாழ ஒரு வாரம் போதும். 2020ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் 35,000க்கும் அதிகமானோரை டெங்கிக் காய்ச்சல் தாக்கியது. கொசு ஒழிப்புக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியம் வலியுறுத்தும் ஐந்து நடவடிக்கைகளுள் ஒன்று, கூரைக் கால்வாயில் அடைப்பு இல்லாமல் பார்த்துக்கொண்டு கொசுப்புழுக்கொல்லி இடுவதாகும்.

இரண்டாவது, சுமை. தட்டையான கூரையில் 10 சென்டிமீட்டர் ஆழத்திற்கு நீர் தேங்கினால், ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 100 கிலோகிராம் எடை ஏறிவிடும். புதிதாகப் பெய்த பனியில் காற்று நிறைந்திருப்பதால், அதே எடையைத் தர அது ஒரு மீட்டர் ஆழத்திற்குக் குவிய வேண்டியிருக்கும். ஆகவே, கூரையைக் கவனிக்காமல் விட்டுவிட முடியாது.

ஏறுவதில் உள்ள ஆபத்து

“இரண்டு நிமிட வேலைதானே!” என்று எண்ணி ஏணியை எடுப்பவர்கள் பலர். ஆனால், விழுவதற்கு இரண்டு நிமிடங்கள் தேவையில்லை. 3 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஒருவர் ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் தரையைத் தொட்டுவிடுவார். அப்போது அவருடைய வேகம் மணிக்கு ஏறத்தாழ 27 கிலோமீட்டர் இருக்கும். எதையாவது பற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பதற்குக்கூட அவகாசம் இராது.

கூரையின் ஓரம் மட்டுமே ஆபத்தானது என்று சொல்ல முடியாது. மழையில் ஊறிப் பாசி பிடித்த ஓடு வழுக்கும். வெளிச்சத்திற்காகப் பதித்த ஒளிபுகும் தகடு வெயிலில் நாள்பட நொறுங்கும் தன்மையை அடைந்துவிடும். பார்வைக்கு உறுதியாகத் தோன்றும் பழைய கல்நார்த் தகடும் ஒருவருடைய எடையைத் தாங்காமல் உடைந்து போகலாம். கால் வைத்தவர் கூரையைத் துளைத்துக்கொண்டு கீழே விழுவார்.

ஏறாமலேயே முடியுமா?

கூரையில் வேலை செய்ய நினைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “எப்படி ஏறுவது?” என்பதன்று, “ஏறாமலேயே முடியுமா?” என்பதே. பனி பெய்யும் நாடுகளில் நீண்ட கைப்பிடியுடைய வாரியைக் கொண்டு, தரையில் நின்றபடியே கூரையோரப் பனியை இழுத்துவிடுகின்றனர். பனி சரிந்து தலைமேல் விழாதபடி சற்று விலகியே நிற்கின்றனர்.

இதே முறை இங்கும் பயன்படும். கூரைக் கால்வாயில் கிடக்கும் இலைகளை நீளும் கம்பில் பொருத்திய தூரிகையாலோ உறிஞ்சு குழாயாலோ தரையில் இருந்தே அகற்றலாம். அருகில் மின்கம்பி இல்லை என்பதை முன்னதாகவே உறுதிசெய்துகொள்ள வேண்டும். கூரைமேல் படரும் கிளைகளை வெட்டச் செய்தால் இலைகள் விழுவது குறையும். எல்லாவற்றிலும் சிறந்த வழி, ஆபத்தே உண்டாகாதபடி கட்டடத்தை அமைப்பதாகும். அதனால்தான் சிங்கப்பூரின் கட்டட விதிமுறைகள் புதிய கட்டடங்களில் கூரைக் கால்வாய் அமைப்பதைப் பொதுவாக அனுமதிப்பதில்லை.

ஏறித்தான் ஆகவேண்டும் என்றால்

சில வேலைகளைத் தரையிலிருந்து செய்ய இயலாது. உடைந்த ஓட்டை மாற்றுவது அத்தகைய வேலை. லிட்டில் இந்தியா 1989ஆம் ஆண்டில் பாதுகாக்கப்படும் வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. கேம்பல் லேன், டன்லப் ஸ்திரீட் போன்ற தெருக்களில் உள்ள கடைவீடுகளை அவற்றின் பழைய தோற்றம் மாறாமல் பேண வேண்டியிருப்பதால், ஓட்டுக் கூரைகளுக்கும் பராமரிப்பு தேவைப்படுகிறது. அவ்வேலையைப் பயிற்சி பெற்றவர்களே செய்ய வேண்டும்.

உயரத்தில் செய்யும் வேலைகளுக்கான பாதுகாப்பு விதிமுறைகள் சிங்கப்பூரில் 2013ஆம் ஆண்டு மே மாதம் நடப்புக்கு வந்தன. அவற்றின்படி, 3 மீட்டருக்கும் மேலிருந்து விழக்கூடிய ஆபத்தான வேலைக்கு எழுத்துபூர்வமான அனுமதி தேவை. அனுமதி தருபவர், பாதுகாப்பு ஏற்பாடுகள் சரியாக உள்ளனவா என்று பார்த்த பிறகே கையொப்பமிட வேண்டும்.

பயிற்சி பெற்ற ஊழியர் மழையிலும் இடி மின்னலிலும் கூரையில் ஏறுவதில்லை. ஏணியைச் சாய்க்கும்போது, ஒவ்வொரு 4 மீட்டர் உயரத்திற்கும் 1 மீட்டர் என்ற கணக்கில் அதன் அடியைச் சுவரிலிருந்து தள்ளி வைக்கிறார். உடலைச் சுற்றிப் பாதுகாப்பு வார் அணிகிறார். அதன் கயிற்றை உறுதியான பிடிமானத்தில் மாட்டுகிறார். மாட்டாத வார் வெறும் அலங்காரமே. அவர் தனியாக வேலை செய்வதுமில்லை. கயிற்றில் தொங்க நேர்ந்தால், அவரை விரைவில் கீழே இறக்க உடனிருப்பவர்கள் வேண்டும்.

கீழே செல்பவர்களையும் மறந்துவிடக்கூடாது. கடைவீடுகளின் முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதையிலும் தெருவோரத்திலும் எந்நேரமும் மக்கள் நடமாட்டம் இருக்கும. ஓட்டுத் துண்டோ சுத்தியலோ கைதவறி விழுந்தால் யார்மீதும் படலாம். ஆகவே, வேலை முடியும்வரை கூரைக்குக் கீழே உள்ள பகுதியைத் தடுப்பு வைத்து மூட வேண்டும்.

யாருடைய பொறுப்பு?

2022ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் 46 ஊழியர்கள் வேலையிட விபத்துகளில் உயிரிழந்தனர். உயரத்திலிருந்து விழுவது அத்தகைய மரணங்களுக்கான முக்கியக் காரணங்களுள் ஒன்று. அவ்வாண்டு செப்டம்பரில் மனிதவள அமைச்சு கூடுதல் பாதுகாப்புக் காலத்தை அறிவித்து, நிறுவனங்கள்மீது கடுமையான நடவடிக்கைகளை எடுத்தது.

உயரமான இடங்களில் உழைப்போருள் தமிழகத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்தவர்கள் பலர். ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவில் கூடும் ஊழியர்களுள் அவர்களையும் காணலாம். ஒவ்வொருவருடைய வருமானத்தையும் நம்பி ஊரில் ஒரு குடும்பம் இருக்கிறது. “பாதுகாப்பு வார் இல்லாமல் ஏற மாட்டேன்” என்று சொல்வது அத்தகைய ஒருவருக்கு எளிதன்று. வேலை போய்விடுமோ என்ற அச்சம் அவருடைய வாயை அடைத்துவிடலாம். ஆகவே, அவரே கேட்கட்டும் என்று முதலாளி காத்திருக்கக்கூடாது. வேலையைக் கொடுக்கும் வீட்டுக்காரரும் “சீக்கிரம் முடியுங்கள்” என்று அவசரப்படுத்தக்கூடாது. மழை பெய்தால், “நாளைக்கு வாருங்கள்” என்று அவர் சொல்லும் ஒரு சொல் ஓர் உயிரைக் காக்கலாம்.

அடைத்துக்கொண்ட கால்வாயை மறுநாள் சுத்தம் செய்யலாம். உடைந்த ஓட்டை மாற்றலாம். கூரையிலிருந்து விழுந்த மனிதரை அப்படி ஈடுசெய்ய முடியாது.

கலந்துரையாடுக

1. கூரையைச் சுத்தம் செய்யாமல் விடுவதாலும் அதன்மீது ஏறுவதாலும் ஏற்படக்கூடிய ஆபத்துகளை ஒப்பிடுக.
2. “மாட்டாத வார் வெறும் அலங்காரமே” என்னும் கூற்றை விளக்குக.
3. உங்கள் வீட்டில் வேலை செய்ய வந்த ஒருவர் பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஏணியில் ஏறுகிறார். அவரிடம் என்ன சொல்வீர்கள்? ஏன்?